விழுந்த மரத்தை எடுத்துடாதீங்க: காட்டுக் காளான் பத்தி ஆரம்பத்துல இருந்து

மழை சீசன்ல வால்பாறை பக்கம் போயிருந்தப்ப கூட வந்த ஃப்ரெண்ட் ஒருத்தன் ரோட்டோரமா காட்டுக்குள்ள விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தைக் காட்டி, "இதை எல்லாம் அள்ளிட்டா காடு எவ்ளோ நீட்டா இருக்கும், சும்மா கிடந்து மக்கிப் போகுது பாரு"ன்னான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது, நம்ம எல்லாருக்கும் வீட்டு வாசல் கூட்டுற மனசுதான், கீழ கிடந்தா குப்பை. ஆனா அந்த மரத்துல மட்டும் நான் எண்ணிப் பாத்தப்ப ஏழு வகை காளான் இருந்துச்சு. காது மாதிரி தொங்கறது ஒண்ணு, விசிறி மாதிரி அடுக்கடுக்கா ஒண்ணு, பொத்தான் சைஸ்ல மஞ்சளா ஒண்ணு. அந்த மரத்தை அள்ளிட்டா ஏழும் போச்சு. அன்னைக்கு அவன்கிட்ட பஸ்ல வர்ற வழி பூரா பேசிட்டு வந்ததைத்தான் இங்க கொஞ்சம் ஒழுங்கா எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம். காளான்னு நாம பாக்கறது அந்த உயிர் இல்ல, அதோட காய். மாமரத்தை பூமிக்குள்ள புதைச்சு வெச்சு மாங்காய் மட்டும் வெளிய தெரிஞ்சா எப்படி இருக்கும், அந்தக் கதைதான். நிஜமான உயிர், அதாவது பூஞ்சை, உள்ள இருக்கு, மண்ணுக்குள்ளயோ கட்டைக்குள்ளயோ இலைக்குப்பைக்குள்ளயோ, வெள்ளை வெள்ளையா நூல் மாதிரி. ஈரமான இலைக்குப்பையைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க, சிலந்தி வலை ஒட்டின மாதிரி இருக்கும்ல, அதுதான். இதுக்கு மைசீலியம்னு பேரு, நான் இழைவலைன்னே சொல்றேன். ஒரு இழை நம்ம தலைமுடியை விடப் பல மடங்கு மெலிசு, ஒத்தையா இருந்தா கண்ணுக்கே தெரியாது, ஆயிரக்கணக்குல பின்னிக்கிட்டாதான் வெள்ளையா தெரியும். மழை, ஈரம், சூடு எல்லாம் கூடி வந்தா மட்டும் வெளிய காளானைத் தள்ளும், காளானோட ஒரே வேலை வித்துத் தூளைக் காத்துல விடறது, நிறைய வகை சில நாள்லயே அழுகிடும். உள்ள இருக்கற ஆளு வருஷக்கணக்கா இருப்பாரு.

வருஷக்கணக்கான்னா எவ்வளவு? அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல மல்ஹூர்னு ஒரு காடு, அங்க தேன் காளான் வகையைச் சேர்ந்த ஒரே ஒரு பூஞ்சை மண்ணுக்கடியில கிட்டத்தட்ட 965 ஹெக்டேருக்குப் பரவியிருக்கு, நம்ம கணக்குல சுமாரா 2,385 ஏக்கர். பல இடத்துல இருந்து மாதிரி எடுத்து மரபணுவைப் பாத்துதான் எல்லாம் ஒரே ஆள்னு கண்டுபிடிச்சாங்க. வயசு குறைஞ்சது 2,400 வருஷம் இருக்கும்னு கணிக்கிறாங்க. சங்கப் பாட்டு எழுதின காலத்துலயே அது அங்க இருந்திருக்கு. மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, அங்கங்க மரம் பட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் இது செடியா? இல்ல. ஸ்கூல்ல நமக்கு பாசி, காளான், செடி எல்லாத்தையும் தாவரவியல் புக்லயே வெச்சு சொல்லிக் கொடுத்ததால அந்தக் குழப்பம். செடி வெயில்ல சமைச்சு சாப்பிடும், பூஞ்சைக்கு அது வராது, யாரோ செஞ்சு வெச்சதைத்தான் சாப்பிடணும். உடம்போட சுவர் கைட்டின்ல ஆனது, நண்டு ஓடு, வண்டு ஓட்டுல இருக்கே அதே பொருள். பரம்பரைக் கணக்குப் பாத்தா பூஞ்சை செடிக்கு தூரத்துச் சொந்தம், நமக்குக் கிட்டத்துச் சொந்தம். காளான் பிரியாணி சைவமான்னு கேட்டா அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

சாப்பிடற விதத்துல வித்தியாசம் என்னன்னா, நாம உள்ள போட்டு செரிக்கிறோம், பூஞ்சை வெளியவே செரிச்சுட்டு அப்புறம் உறிஞ்சும். இழை நுனியில இருந்து நொதியைக் கக்கும், மரம் கரையும், கரைஞ்சதைக் குடிக்கும். இப்படி சாப்பாடு தேடறதுல காட்டுப் பூஞ்சையை மோட்டாவா மூணு கூட்டமா பிரிக்கலாம், செத்ததைத் தின்றவங்க, உயிரோட இருக்கற மரத்தோட வேர்ல கூட்டுக் குடும்பம் நடத்தறவங்க, உயிரோட இருக்கறதைத் தின்றவங்க. கோடு அவ்வளவு சுத்தமா இருக்காது, ஒரே ஆள் காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னும் இருப்பாங்க, ஆனா புரிஞ்சுக்க இது போதும்.

செத்ததைத் தின்றவங்கள்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா என் ஃப்ரெண்டோட மரம் அங்கதான் கிடக்கு. மரம் ஏன் கெட்டியா இருக்கு? செல்லுலோஸ்னு ஒரு நார், அதைச் சுத்தி லிக்னின்னு ஒரு பசை, கம்பி போட்டு கான்கிரீட் ஊத்தின மாதிரி. அந்த லிக்னினை முழுசா உடைக்கிற வித்தை உலகத்துல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும், அதுல பெரிய கை வெள்ளை அழுகல் பூஞ்சைகள். அவங்க சாப்பிட்ட கட்டை வெளுத்து, நார் நாரா, பஞ்சு மாதிரி ஆயிடும். இன்னொரு கூட்டம் பழுப்பு அழுகல், இவங்க செல்லுலோஸை மட்டும் தின்னுட்டு லிக்னினை அப்படியே மிச்சம் வெச்சுடுவாங்க, அதனால கட்டை செங்கல் நிறத்துல கட்டம் கட்டமா வெடிச்சு, கையில எடுத்தா பொடியா உதிரும். அடுத்த தடவை காட்டுக்குப் போனா விழுந்த மரத்தைப் பாருங்க, வெளுத்த நாரா இல்ல பழுப்பு கட்டமான்னு, யாரு சாப்பிட்டுட்டுப் போயிருக்காங்கன்னு நீங்களே சொல்லிடலாம், எச்சில் இலையைப் பாத்து என்ன சாப்பாடுன்னு சொல்ற மாதிரி.

இவங்க இல்லைன்னா என்ன ஆகும்? மரம் அம்பது அறுபது வருஷமா மண்ணுல இருந்து உறிஞ்சின சத்து எல்லாம் அந்தக் கட்டைக்குள்ளயே பூட்டிக் கிடக்கும். மழைக்காட்டு மண்ணு பாக்கத்தான் கருகருன்னு, நிறைய இடத்துல சத்து மேல ஒரு ஜாண் இலைமக்குல மட்டும்தான், கீழ வெறும் செம்மண். அந்த மேல் ஜாணை சுழற்சியில வெச்சிருக்கறதே இவங்கதான்.

அதைவிட எனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு. ஆனைமலைக்குப் போறவங்க எல்லாரும் இருவாச்சி பாக்கணும்னு போறாங்க. இருவாச்சி பெரிய மரத்துப் பொந்துலதான் முட்டை வைக்கும், பெண் பறவை உள்ள போய் வாசலை அடைச்சுக்கிட்டு மூணு நாலு மாசம் உள்ளயே இருக்கும், ஆண் பறவை பழம் கொண்டு வந்து சின்ன சந்து வழியா ஊட்டும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா அவ்ளோ பெரிய அலகு இருந்தும் இருவாச்சிக்கு பொந்து தோண்டத் தெரியாது! ஏற்கெனவே இருக்கற பொந்தைத்தான் தேடணும். அந்தப் பொந்து எங்க இருந்து வந்துச்சு? கிளை ஒடிஞ்ச காயம் வழியா பூஞ்சை உள்ள போய் மரத்தோட நடுக்கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுருக்கும். நடுக்கட்டைங்கறது மரத்துல ஏற்கெனவே செத்த பகுதிதான், அதனால நடுவுல குடைஞ்சாலும் மரம் பாட்டுக்கு நிக்கும், பூக்கும், காய்க்கும். மரங்கொத்தியும் குக்குறுவானும் கூட பெரும்பாலும் பூஞ்சை இளக்கி வெச்ச கட்டையிலதான் கொத்தும். ஆக மரத்தை அழுக வைக்க ஒரு பூஞ்சை, அந்த அழுகல்ல ஒரு பொந்து, பொந்துல இருவாச்சி, இருவாச்சி எச்சத்துல அடுத்த மரத்தோட விதை. "மரம் நோய் புடிச்சிருக்கு, வெட்டிடலாம்"னு முடிவெடுக்கறப்ப இதுல எதை வெட்டறோம்னு யோசிக்கணும்.

இப்ப ரெண்டாவது கூட்டம், வேர்ல கூட்டுக்குடும்பம் நடத்தறவங்க. விவசாயம் பாக்கறவங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும், உரக்கடையில "வேம்"னு ஒரு பாக்கெட் விக்கிறாங்கள்ல, நாத்துக்கு அடியில போடச் சொல்வாங்க, அது இதுதான், வேர்ப்பூஞ்சை. 1885ல ஜெர்மனியில ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃப்ராங்க்னு ஒருத்தர் மைக்கோரைசான்னு இதுக்குப் பேரு வெச்சாரு, கிரேக்கத்துல பூஞ்சை-வேர்னு அர்த்தம். டீல் என்னன்னா, மரம் இலையில சமைச்ச சர்க்கரையில ஒரு பங்கைப் பூஞ்சைக்குக் கொடுக்கும், பூஞ்சை வேர் எட்டாத தூரத்துல இருந்து பாஸ்பரஸ், நைட்ரஜன், தண்ணி எல்லாம் இழுத்துட்டு வரும். வேர் என்னதான் மெலிசா இருந்தாலும் மண்துகளுக்கு நடுவுல இருக்கற இடுக்குல நுழையாது, இழை நுழையும். உலகத்துல பத்துல எட்டு செடிக்கு மேல இந்த ஏற்பாட்டுலதான் ஓடிட்டு இருக்கு. 2023ல வந்த ஒரு கணக்கு, செடிகள் இந்த வேர்ப்பூஞ்சைக்குக் கொடுக்கற கார்பனை கரியமில வாயுவா மாத்திப் பாத்தா வருஷத்துக்கு சுமாரா 1,312 கோடி டன்னுன்னு சொல்லுச்சு. நாம நிலக்கரி, பெட்ரோல் எரிச்சு வருஷத்துக்கு விடறதுல மூணுல ஒரு பங்குக்கு மேல. அது எல்லாம் மண்ணுக்குள்ளயே நிரந்தரமா தங்கிடும்னு அர்த்தம் இல்ல, கொஞ்சம் திரும்ப வெளிய வந்துடும், ஆனா அளவைப் பாருங்க.

இதுல ரெண்டு வகை இருக்கு, இதைத் தெரிஞ்சுக்கிட்டா ஊட்டி கொடைக்கானல்ல நடக்கற ஒரு விஷயம் புரியும். ஒரு வகை வேர் செல்லுக்குள்ளயே நுழைஞ்சு குட்டி மரம் மாதிரி கிளை விடும், வெளிய காளானே வராது, கடையில விக்கிற வேம் இந்த வகை. நெல்லுல இருந்து தேக்கு வரைக்கும், நம்ம சோலைக்காட்டு மரங்கள்லயும் பெரும்பாலும் இதுதான். இன்னொரு வகை செல்லுக்குள்ள போகாம வேர் நுனிக்கு சாக்ஸ் மாட்டின மாதிரி சுத்திக்கும், இவங்கதான் மரத்தடியில பெரிய பெரிய காளான் விடற கோஷ்டி. பைன், ஓக், வட இந்தியாவுல சால் மரம், மேற்குத் தொடர்ச்சி மலையில வெள்ளைக் குங்கிலியம் மாதிரி சில மரம், இவங்களுக்கு எல்லாம் இந்த வகை. ஜார்க்கண்ட்ல மழை ஆரம்பிச்சதும் ருக்டான்னு உருண்டையா ஒரு காளான் சந்தைக்கு வரும், ஆட்டுக்கறி மாதிரி இருக்கும்னு அடிச்சுக்கிட்டு வாங்குவாங்க, சத்தீஸ்கர்ல அதே மாதிரி போடான்னு ஒண்ணு. ரெண்டுமே சால் மரத்து வேரோட ஒட்டி வாழறது, சால் காடு போனா அந்தச் சந்தையும் போச்சு, பண்ணையில வளக்கவும் முடியாது.

பைனுக்கு வர்றேன். போர்ட்டோ ரிகோ தீவுல 1930கள்ல இருந்து பைன் நட்டுப் பாத்தாங்க, திரும்பத் திரும்ப நட்டாங்க, நாத்து வரும், மஞ்சளாகும், குட்டையாவே நின்னு செத்துடும். உரம் போட்டும் பிரயோஜனம் இல்ல. கடைசியில 1950கள்ல அமெரிக்காவுல இருக்கற பைன் காட்டு மண்ணைக் கொஞ்சம் கொண்டு வந்து போட்டாங்க, சும்மா கிடுகிடுன்னு வளர ஆரம்பிச்சுடுச்சு. அந்த ஊர் மண்ணுல பைனோட சேர்ற பூஞ்சையே இல்லாததுதான் பிரச்சனை. நம்ம ஊர்ல வேற மாதிரி ஆச்சு, பைன் வந்தப்ப பூஞ்சையும் கூடவே வந்து சேந்துடுச்சு. நீலகிரி, கொடைக்கானல் பைன் தோப்புல மழைக்கு அப்புறம் சிவப்புக் குடையில வெள்ளைப் புள்ளி வெச்ச ஒரு காளான் வருமே, கார்ட்டூன்ல வர்ற மாதிரி, எல்லாரும் பக்கத்துல உக்காந்து செல்ஃபி எடுக்கற ஆளு, அமானிட்டா மஸ்காரியா, அது இந்த மலைக்காரர் இல்ல. குளிர்தேசத்துல இருந்து மரத்தோட வந்த வெளியூர்க்காரர், விஷம் வேற. அழகா இருக்குன்னு பாக்கறதுல தப்பில்ல, ஆனா "எங்க ஊர் காட்டுக் காளான்"னு ஸ்டேட்டஸ் போடறப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்கும். பக்கத்துலயே ஒதுங்கி நிக்கற சோலைக்குள்ள வேற ஒரு கூட்டம் இருக்கு, கலரு கம்மி, சைஸ் கம்மி, அதுல பாதிக்கு இன்னும் யாரும் பேரே வெச்சிருக்க மாட்டாங்கன்னு என் சந்தேகம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். வாட்ஸப்ல வரும் பாருங்க, "அம்மா மரம் பூமிக்கடியில பூஞ்சை நெட்வொர்க் வழியா தன் குழந்தைக்கு சாப்பாடு அனுப்புது"ன்னு. இதுக்கு ஆரம்பம் 1997ல கனடாவுல சுசான் சிமார்ட் பண்ண ஆராய்ச்சி, பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் நடுவுல கார்பன் போய் வர்றதை அடையாளம் போட்ட கார்பன் வெச்சுக் காமிச்சாங்க, அது நல்ல வேலைதான். ஆனா காட்டுல அது எவ்வளவு போகுது, பூஞ்சை வழியாத்தான் போகுதா இல்ல மண்ணு வழியாவா, போற அளவு நாத்துக்கு உண்மையிலேயே உதவுதா, இதெல்லாம் இன்னும் தீராத சண்டை. 2023ல அதே துறையில ரொம்ப வருஷமா இருக்கற மூணு பேரு உக்காந்து எல்லா ஆதாரத்தையும் அலசிட்டு, வெளிய பேசற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதிட்டாங்க. அம்மா மரம் கதை கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பூஞ்சையை வெறும் கேபிள் ஒயர் ஆக்கிடுது, அதுவும் ஒரு உயிர், அதுக்கும் பசி இருக்கு, தனக்கு லாபம் இல்லாம யாருக்கும் கூரியர் பண்ணாதுங்கறது என் கட்சி.

மூணாவது கூட்டம், உயிரோட இருக்கறதைத் தின்றவங்க. இவங்க பேரு கெட்டுப்போனதுக்குக் காரணம் இருக்கு. 1904ல நியூயார்க்ல ஒரு செஸ்ட்நட் மரத்துல முதல்ல பாத்த கருகல் நோய், வெளிநாட்டுல இருந்து வந்த பூஞ்சை, அம்பது வருஷத்துக்குள்ள அந்த நாட்டுல சில நூறு கோடி மரத்தை சாய்ச்சுடுச்சு. ஆனா கவனிங்க, அது வெளியூர் பூஞ்சை, அந்த மரத்துக்கு அதோட பழக்கமே இல்ல. சொந்த ஊர்ல காலங்காலமா மரத்தோட சேந்தே இருக்கற நோய்ப் பூஞ்சை வேற வேலை பண்ணுது. பெலீஸ் நாட்டு மழைக்காட்டுல ஒரு சோதனை, 2014ல வெளிவந்துச்சு, சில இடத்துல பூஞ்சைக்கொல்லி மருந்து அடிச்சாங்க, சில இடத்துல அடிக்கலை. மருந்து அடிச்ச இடத்துல முளைச்ச நாத்துகளோட வகை சுமார் 16 சதவீதம் குறைஞ்சு போச்சு. ஏன்னா எந்த மரத்து நாத்து ஒரே இடத்துல கும்பலா முளைக்குதோ அங்கதான் அந்த மரத்து நோயும் கும்மி அடிக்கும், அதனால ஒரே ஜாதி மரம் காட்டை வளைச்சுப் போட முடியாது. நோய் போனா வலுத்தவன் மட்டும் மிஞ்சறான். காட்டுல அம்பது வகை மரம் பக்கத்துப் பக்கத்துல நிக்கறதுல இந்த ஒட்டுண்ணிகளுக்கும் பங்கு இருக்கு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ரொம்பப் பழக்கமான காளானை விட்டுட்டேன் பாத்தீங்களா, புற்றுக்காளான். முதல் மழை, இடி, அடுத்தடுத்த நாள் காலையில கறையான் புத்து பக்கத்துல வெள்ளையா மொட்டு மொட்டா. ஊர்ல அந்த இடத்தை யாரும் யாருக்கும் சொல்ல மாட்டாங்க, சொந்தத் தம்பிக்கே சொல்லாத ஆளுங்களை எனக்குத் தெரியும். அதைப் பிடுங்கினா காம்பு வேர் மாதிரி நீளமா கீழ போய்க்கிட்டே இருக்கும்ல, அது போற இடம் கறையானோட தோட்டம். கறையான் மரத்தையும் சருகையும் மென்னு உள்ள கொண்டு போய் பஞ்சு மாதிரி ஒரு மேடை கட்டும், அதுல இந்தப் பூஞ்சையை வளக்கும், கறையானால செரிக்க முடியாததைப் பூஞ்சை செரிச்சுக் கொடுக்கும், அதைக் கறையான் தின்னும். மனுஷன் விவசாயம் ஆரம்பிச்சு பத்தாயிரம் வருஷம் இருக்கும், இவங்க கோடிக்கணக்கான வருஷமா பண்ணிட்டு இருக்காங்க. கறையான் இல்லாம அந்தக் காளானைப் பண்ணையில விளைய வைக்க இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் சரியா வரலை. அதனால புத்தை இடிச்சு மருந்து ஊத்தினா கறையான் மட்டும் சாகறது இல்ல. இடி இடிச்சா காளான் முளைக்கும்ங்கறது பாதி மழையோட வேலைதான், ஆனா ஜப்பான்ல இவாத்தே பல்கலைக்கழகத்துல ஷிடாக்கே காளான் வளக்கற கட்டைக்கு ஹை வோல்டேஜ் பல்ஸ் கொடுத்துப் பாத்து விளைச்சல் கூடுதுன்னு சொல்லியிருக்காங்க, ஸோ பாட்டி சொன்னதை முழுசா தள்ளவும் முடியலை.

சரி, பாதுகாப்புன்னு வந்தா நிலைமை என்ன. முதல்ல எண்ணிக்கையே நம்மகிட்ட இல்ல. உலகத்துல பேரு வெச்ச பூஞ்சை ஒன்றரை லட்சம் சொச்சம், லண்டன்ல இருக்கற க்யூ தாவரவியல் தோட்டம் 2023ல கொடுத்த மதிப்பீடு மொத்தம் 25 லட்சம் வகை இருக்கும்னு, அப்படின்னா பத்துல ஒம்பதுக்கு மேல பேரில்லாம இருக்கு. நம்ம பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்துல சி.வி. சுப்ரமணியன் மாதிரி உலக அளவுல பேர் வாங்கின பூஞ்சையியல் ஆளுங்க இருந்திருக்காங்க, தென்னிந்தியக் குடைக்காளான்களை கே. நடராஜன் ரொம்ப வருஷம் பதிவு பண்ணாரு, ஆனாலும் வேலை கடல் மாதிரி கிடக்கு. அழியற ஆபத்துல இருக்கற உயிரினத்துக்கு ஐ.யு.சி.என்.ங்கற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு சிவப்புப் பட்டியல் போடுதுல்ல, மொத்தப் பட்டியல்ல ஒன்றரை லட்சத்துக்கு மேல உயிரினம், அதுல பூஞ்சை 2025 மார்ச்லதான் ஆயிரத்தைத் தாண்டி 1,300 ஆச்சு. அந்த 1,300ல 411க்காவது ஆபத்து இருக்குன்னு சொல்றாங்க. இமயமலையில கீடா ஜடின்னு ஒண்ணு, புழுவுக்குள்ள வளந்து தலையில கொம்பு மாதிரி வர்ற பூஞ்சை, தங்கம் மாதிரி விலை போறதால மலையையே சல்லடை போட்டு எடுக்கறாங்க, அது 2020ல அந்தப் பட்டியல்ல ஏறிடுச்சு. இந்த மாதிரி உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கறதைக் கட்டுப்படுத்தற சைட்டீஸ்ங்கற சர்வதேச ஒப்பந்தத்தோட பேர்லயே காட்டு விலங்கு, தாவரம்னுதான் இருக்கும், பூஞ்சைக்கு அங்க நாற்காலியே போடலை. 2021ல ஐ.யு.சி.என். நிபுணர் குழுதான் இனிமே விலங்கு, தாவரம், பூஞ்சைன்னு மூணையும் சேத்தே சொல்லுவோம்னு முடிவு பண்ணுச்சு. நாடுன்னு பாத்தா சிலிதான் முதல்ல சுற்றுச்சூழல் சட்டத்துக்குள்ள பூஞ்சையைக் கொண்டு வந்துச்சு.

எது அழிக்குது? இங்கதான் எல்லாரும் தப்பா நினைக்கறாங்க. காளானைப் பறிக்கறதால காளான் அழியுதுன்னு நினைப்போம். சுவிட்சர்லாந்துல லா ஷனேயாஸ்னு ஒரு காட்டுல 1975ல ஆரம்பிச்சு 29 வருஷம் ஒரு சோதனை நடத்தினாங்க, சில பாத்தியில வந்த காளானை எல்லாம் வாரா வாரம் பறிச்சாங்க, சிலதுல தொடவே இல்ல. கடைசியில ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல, மாங்காய் பறிச்சா மரம் சாகாதுங்கற அதே கதை. ஆனா ஒண்ணு வித்தியாசம் பண்ணுச்சு, மனுஷன் மிதிச்ச இடத்துல காளான் கம்மி ஆச்சு. உள்ள இருக்கற இழை செத்துட்டான்னா இல்ல, காளான் விடறதை நிறுத்திட்டான், மிதிக்கறதை நிறுத்தினதும் திரும்ப வந்துச்சு. இந்த சோதனை ஒரு காட்டோட கதை, கீடா ஜடி மாதிரி வித்து விடறதுக்கு முன்னாடியே மொத்தமா தோண்டி எடுக்கறதுக்கு இது பொருந்தாது. ஆனா மலைக்காட்டுல ரெண்டு கூடை காளான் பொறுக்கற ஆளை வில்லன் ஆக்கறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கணும்.

பெரிய அடி வேற இடத்துல இருந்து வருது. பழைய காட்டை வெட்டி ஒரே வகை மரம் நடறது, அது கண்ணுக்குத் தெரியற அடி. தெரியாத அடி, செத்த மரத்தைக் காட்டை விட்டு வெளிய எடுக்கறது. ஃபின்லாந்துல கணக்குப் பாத்திருக்காங்க, அங்க காட்டுல வாழற உயிரினத்துல 4,000ல இருந்து 5,000 வகை, அதாவது நாலுல ஒண்ணோ அஞ்சுல ஒண்ணோ, ஏதோ ஒரு வகையில செத்த மரத்தை நம்பித்தான் இருக்கு, அதுல பூஞ்சைதான் பெரிய கூட்டத்துல ஒண்ணு. காட்டை "ஒழுங்கா" பராமரிச்சு பட்ட மரத்தை எல்லாம் எடுத்ததுல நிறைய வகைக்கு வீடே இல்லாம போச்சு. சுள்ளி வேற, பெருங்கட்டை வேற. ரெண்டு ஆள் சேந்து கட்டிப் பிடிக்கற சைஸ் கட்டை மக்கறதுக்கு பல வருஷம் ஆகும், அதுல முதல்ல வர்ற பூஞ்சை ஒண்ணு, நடுவுல வர்றது ஒண்ணு, முதல் ஆள் அழுக வெச்ச பிறகுதான் வர்ற ஆள் ஒண்ணு. அந்தக் கடைசி ஆளுக்கு எப்பவும் பக்கத்துல எங்கயாவது அந்தப் பதத்துல ஒரு கட்டை கிடக்கணும், ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தா அவ்வளவுதான், அறுந்துடும். நம்ம ஊர் கோயில்காடு நிறைய இடத்துல சாமி காட்டுல சுள்ளி கூட ஒடிக்கக் கூடாது, விழுந்த மரத்தையும் எடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கும், பயந்து போய் விட்டு வெச்சாங்களோ தெரிஞ்சே விட்டு வெச்சாங்களோ, இந்த சங்கிலி அறுபடாம இருக்கறது அந்த மாதிரி இடத்துலதான். இப்ப அங்கயும் சிமெண்ட் தளம் போட்டு கூட்டி சுத்தம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, அது தனிப் புலம்பல்.

அப்புறம் நைட்ரஜன். உரத்துல இருந்தும் மாட்டுப் பண்ணையில இருந்தும் வண்டிப் புகையில இருந்தும் கிளம்பி காத்துல வந்து மழையோட காட்டுல இறங்குது. நெதர்லாந்துல 1980கள்லயே வேரோட வாழற காளான்கள் குறையறதை கவனிச்சாங்க, மஞ்சளா அழகா இருக்கற சாந்தரெல் காளானும் அதுல ஒண்ணு. காரணம் யோசிச்சா சிம்பிள், மரத்துக்கு நைட்ரஜன் ஓசியில வானத்துல இருந்து வருதுன்னா, எதுக்கு சர்க்கரை கொடுத்துப் பூஞ்சையை வேலைக்கு வெச்சுக்கணும்? சம்பளம் நின்னா வேலைக்காரன் போயிடுவான். ஆனா போறவன் நைட்ரஜன் மட்டும் கொண்டு வர்றவன் இல்ல, வறட்சியில தண்ணி கொண்டு வர்றவனும் அவன்தான். நம்ம பக்கம் டீ எஸ்டேட் போடற உரம் ஒட்டி இருக்கற காட்டுத் துண்டுகளுக்கு என்ன பண்ணுதுன்னு யாராவது இதே மாதிரி வருஷக்கணக்கா உக்காந்து பாக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. 2025ல வேர்ப்பூஞ்சைக்கு உலக வரைபடம் ஒண்ணு போட்டாங்க, வகை நிறைஞ்ச இடங்கள்ல பத்துல ஒரு பங்கு கூட பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ள வரலைன்னு தெரிஞ்சது. புலிக்கும் யானைக்கும் எல்லை போட்டப்ப மண்ணுக்கு அடியில யாரு இருக்கான்னு யாரும் கேக்கலையே.

பூஞ்சையால நமக்கு என்ன லாபம்னு கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு உதாரணம் தர்றேன். கடையில பாக்கெட்ல வாங்கறீங்களே பால் காளான், வெள்ளையா மொத்தமா, அது மேற்கு வங்கத்துல யாரும் வளக்காம தானா முளைச்சுட்டு இருந்த காளான், 1974ல பேரு வெச்சாங்க, 1998ல நம்ம தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2ன்னு ரகம் வெளியிட்டுச்சு, நம்ம வெயிலுக்குத் தாங்கற காளான்ங்கறதால குடிசை போட்டு வளத்து நிறைய பேரு பொழைக்கறாங்க. அது முளைச்சுட்டு இருந்த இடத்தை யாராவது முன்னாடியே சுத்தம் பண்ணியிருந்தா?

நீங்க என்ன பண்ணலாம்னா, உங்க தோட்டத்துலயோ எஸ்டேட்லயோ பெரிய மரம் விழுந்தா, வழியை அடைச்சா மட்டும் நகத்தி ஓரமா போடுங்க, எரிக்காதீங்க. பாதைக்கு மேல சாயற பட்ட மரம் ஆபத்துன்னா வெட்டுங்க, ஆனா வெட்டினதை அங்கயே கிடக்க விடுங்க. காளான் பாத்தா போட்டோ எடுங்க, மேல இருந்து மட்டும் எடுத்தா யாராலயும் பேரு சொல்ல முடியாது, குடைக்கு அடியில இருக்கற மடிப்பு, காம்போட அடிப்பகுதி, பக்கத்துல என்ன மரம், இது மூணும் வேணும், ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல ஏத்தி விட்டா தெரிஞ்சவங்க பாப்பாங்க. ஒண்ணு மட்டும் வேண்டாம், தெரியாத காளானை சாப்பிடாதீங்க. வெள்ளி ஸ்பூன் போட்டா கறுக்கும், பூண்டு போட்டா நிறம் மாறும், பூச்சி தின்னா நாமளும் தின்னலாம், இதெல்லாம் சுத்தப் பொய். ஆளைக் கொல்ற அமானிட்டா வகை சாப்பிட்டா ஆறு மணி நேரம், பன்னெண்டு மணி நேரம் கழிச்சுதான் வாந்தி பேதி ஆரம்பிக்கும், நடுவுல சரியான மாதிரி இருக்கும், அதுக்குள்ள கல்லீரல் போயிட்டு இருக்கும்.

காடு வரைக்கும் போக முடியாதவங்க வீட்லயே ஒண்ணு பண்ணிப் பாக்கலாம், குழந்தைங்களோட பண்ணா இன்னும் நல்லாருக்கும். கடையில குடை நல்லா விரிஞ்ச பால் காளானோ சிப்பிக் காளானோ வாங்கி, காம்பை வெட்டிட்டு, மடிப்பு கீழ பாக்கற மாதிரி ஒரு கருப்பு அட்டை மேல வைங்க, வெள்ளைப் பேப்பர்ல வெச்சா தெரியாது, இவங்க வித்துத்தூள் வெளிர் நிறம். மேல ஒரு டம்ளர் கவுத்து வெச்சுட்டுத் தூங்குங்க. காலையில தூக்கிப் பாத்தா அந்த மடிப்பு அத்தனையும் கோடு கோடா, யாரோ மாவுல கோலம் போட்ட மாதிரி அட்டையில இறங்கியிருக்கும். டம்ளரை எடுக்கறதுக்கு முன்னாடி ஃபேனை நிறுத்திடுங்க.